பதினோராம் நம்பர் தண்ணீர் கேட்டான்

காதர் பாய் என் சட்டையில் ஊக்கைக் குத்தும்போது நெஞ்சையும் சேர்த்துக் குத்திவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரத்தம் வருதா?"

"வரல பாய்."

"வந்தாத்தான் இன்னா. ஊரையே அழவைக்கிறவன், நீயும் ஒருநாளு அழுதுக்கோ."

சொல்லிவிட்டு என் நெஞ்சில் தொங்கிய வெள்ளைக் காகிதத்தை இழுத்துச் சரிசெய்தார். அதில் கறுப்பு மையில் பெரிதாகப் பதினொன்று என்று எழுதியிருந்தது.

செஞ்சிக் கடைத்தெரு முனையில் ரோட்டுக்குக் குறுக்கே தாம்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் பதினான்கு சைக்கிள்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றியிருந்தோம். "கோமணத்தோட நிக்குது பாருய்யா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சித்திரை மாசம். ராஜகிரிப் பாறைமேல் வெயில் ஏறி, காலையிலேயே அந்த மலை அடுப்புக்கல் மாதிரி இருந்தது.

மற்ற பதின்மூன்று பேருக்கும் ஆள் இருந்தது. ஒருவனுக்கு அம்மா திருநீறு பூசினாள். வெல்லமண்டி ராஜாங்கத்துக்கு நாலு பேர்: சைக்கிளைப் பிடிக்க ஒருவன், எலுமிச்சம்பழம் பிழிய ஒருவன், சும்மா சத்தம் போட இரண்டு பேர். என் சைக்கிளை நானேதான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னுடையது இல்லை, காதர் பாய் கடை வாடகை சைக்கிள்.

கமிட்டிக்காரர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். என் இடம் வந்ததும் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கினார்.

"தந்தி வந்திருக்கானா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

பெல் வைத்தாலும் குற்றம்

தந்தி என்பது என் பெயர் இல்லை. என் பெயர் கோவிந்தசாமி. ஆனால் செஞ்சிக்கு நான் வேலையில் வந்த வாரத்திலிருந்து அந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தந்தி கொடுக்கும் பியூன் வேலை. சிவப்பு சைக்கிள், காக்கி உடுப்பு, தோளில் தோல் பை. சிங்கவரம் வரைக்கும் ஒரு பக்கம், மேல்சித்தாமூர் வரைக்கும் ஒரு பக்கம், இன்னும் சுற்றிலும் நூறு ஊர்.

இன்றைக்கு இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அப்போது நல்ல சேதி கார்டில் வரும், நிதானமாக வரும். பிள்ளை பிறந்தாலும் கார்டுதான். தந்தி என்றால் சாவு, இல்லாவிட்டால் சாகக் கிடப்பது. பத்தில் எட்டு அப்படித்தான்.

அதனால் நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் என் பையைப் பார்ப்பார்கள். "டீ குடிக்கத்தான் வந்தேன்" என்று நான் சொன்ன பிறகுதான் உறிஞ்சுகிற சத்தம் திரும்பக் கேட்கும். நான் எழுந்து போன பிறகு சிரிப்பும் கேட்கும். அந்தச் சிரிப்பைத் தெருமுனையில் நின்று கேட்டிருக்கிறேன்.

பால் ஊற்றுகிற அம்மா ஒருநாள் சொன்னாள்: "உன் பெல்லு சத்தம் கேட்டா எனக்கு வயித்துல புளி கரைக்குதுய்யா." சரி என்று பெல்லைச் சுற்றித் துணி கட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவளே சொன்னாள்: "சத்தமில்லாம வர்றான் பாரு, எமன் மாதிரி."

மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்கு ஒரு பழக்கம். எட்டாவதோடு நின்றவன், வேறு என்ன சேர்க்க முடியும்? ஆனால் என்னைப் பற்றி அந்த ஊர் சொன்னதை மட்டும் வெகுநாள் சேர்க்காமலே விட்டிருந்தேன்.

பாண்டிச்சேரிப் பேப்பர்

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததற்கு ஒரு படம்தான் காரணம்.

பாண்டிச்சேரியிலிருந்து பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகள் எடைக்கு வாங்கப்பட்டு எங்கள் கடைத்தெருவுக்கு வரும். வழவழப்பான தாள். வெல்லம் ஒட்டாது என்று மளிகைக்கடைக்காரர்களுக்கு அதன்மேல் பிரியம். ஒருநாள் புளி கட்டிவந்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே சைக்கிள்.

மலைமேல் ஏறுகிற வளைவு ரோடு. வரிசையாகச் சைக்கிள்காரர்கள். முன்னால் வருகிறவன் கண்ணெல்லாம் குழிந்து, வாயைத் திறந்து, செத்தவன் மாதிரி இருக்கிறான். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். அவர்களில் ஒரு பெண்பிள்ளை கூட்டத்தைத் தாண்டி ரோட்டுக்குள் வந்து, ஓடிக்கொண்டே அவனுக்குத் தண்ணீர் நீட்டுகிறாள். அவன் அவளுக்கு உறவுக்காரனாக இருக்க முடியாது. அந்த முகத்தில் அது தெரிந்தது. யாரோ ஒருவன் சைக்கிளில் வருகிறான், அவனுக்காக இவள் வாசலில் வந்து காத்து நின்றிருக்கிறாள்.

கீழே எழுதியிருந்தது எனக்குப் படிக்கத் தெரியாது. தந்தி ஆங்கிலம் மட்டும்தான் நானாகக் கற்றுக்கொண்டது. அதிலும் முக்கால்வாசி ஆஸ்பத்திரிச் சொற்கள்.

புளிக்கறையைத் துடைத்து, அந்தப் படத்தை என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். மலையடிவாரத்தில் ஒண்டிக்கட்டை அறை. உடுப்பு எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண்பிள்ளை தண்ணீர் நீட்டுவாள்.

கடைத்தெருக் கமிட்டி சைக்கிள் பந்தயம் அறிவித்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் பரிசு எவர்சில்வர் குடம். எனக்குக் குடத்தில் ஆசை இல்லை. கயிற்றடியில் ஜனம் நிற்கும் அல்லவா? ஒரே ஒரு தடவை நான் சைக்கிளில் வருவதைப் பார்த்து நாலு பேர் சந்தோஷப்படவேண்டும். வேறெதுவும் இல்லை.

நானே கண்டுபிடித்த வழி

பந்தயத்துக்குப் போகுமுன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு வாசலில் நின்று சாவுத் தந்தியை அப்படியே படித்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண் உலைப்பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டியது. அவள் அழுதது தம்பிக்காகவா காலுக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கெட்ட சேதி என்றால் வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்பேன். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தானே தண்ணீர் எடுக்கப் போகவேண்டும்? சில வீட்டில் சொம்பில் தருவார்கள், சில வீட்டில் கையில் ஊற்றுவார்கள். எதுவானாலும் மெதுவாகக் குடிப்பேன். அதற்குள் அக்கம்பக்கத்தில் யாராவது வந்துவிடுவார்கள். "இன்னா சேதி?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, சும்மா" என்று சிரிப்பேன். அப்புறம் ஓர் ஆளைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஏழெட்டு வருஷம் இப்படித்தான் செய்தேன். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையும் உண்டு.

மோர் இல்லாத பானை

கயிறு அவிழ்ந்தது. விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு முனைவரை போய்த் திரும்பவேண்டும். அங்கே ஓர் ஆள் செம்மண் கரைசலில் கையை நனைத்து, வருகிறவன் முதுகில் பளாரென்று ஓர் அறை வைப்பான். திரும்பியதற்கு அது அத்தாட்சி.

ராஜாங்கம் முதல் இரண்டு மைல் பறந்தான். எனக்கு அவசரமில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி வெயிலில் இந்த ரோட்டை மிதிக்கிறவன் நான். எங்கே மேடு, எங்கே எதிர்க்காற்று, எங்கே கப்பி பெயர்ந்திருக்கிறது என்று என் முழங்காலுக்குத் தெரியும். நாலாவது மைலில் ஒருவனைத் தாண்டினேன், ஏழாவதில் ராஜாங்கத்தையும் சேர்த்து மூன்று பேரை. மண்டகப்பட்டு முனையில் செம்மண் அறையை முதலில் வாங்கியவன் நான்தான்.

அங்கே மோர்ப் பானை வைப்பதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. பானையை வைத்திருந்தார்கள். மோர் வரவில்லை.

திரும்புகாலில், எதிரே வந்தவர்களைக் கடந்த பிறகு, எனக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை ஒருவரும் இல்லை. முன்னாலும் இல்லை. தார் உருகி டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் ரோட்டோரம் ஓர் ஊர். பெயர் எழுதமாட்டேன், அந்தக் குடும்பத்தார் இந்தப் பத்திரிகை படிக்கக்கூடும். நிலமெல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம் என்பதால் தெருவே வயலுக்குப் போயிருந்தது. முதல் வீட்டு வாசலில் மட்டும், நான் போகும்போது அங்கே இல்லாத ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், பிடுங்கிவந்த காயைச் சாக்கின்மேல் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம்.

எனக்கு டிரங்குப் பெட்டிப் படம் ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன். தாகத்தில் பாதி, ஆசையில் பாதி. பிரேக்கைப் பிடித்து ஒற்றைக் காலை ஊன்றிக் கேட்டேன்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி."

பேப்பரில் என்ன போட்டிருக்கிறது

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தாள். கையிலிருந்த முறம் நழுவியது.

"யாருக்குப்பா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாயில் பழகிப்போன சொல்தான் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா."

அவ்வளவுதான். அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "ஐயோ தனகோட்டி, என் ராசா, உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பி வாரிக் குடுத்துட்டனே."

வடக்கே சண்டை ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவளுக்கு ஒரே பிள்ளை, எல்லையில் இருந்தான்.

"அம்மா, தந்தி இல்ல. பந்தயம். சைக்கிள் பந்தயம்."

"மறைக்காதப்பா. எதிர்வூட்டு வேதாவுக்கும் இப்படித்தானே செஞ்ச. தண்ணி குடும்மான்னு வாங்கிக் குடிச்சிட்டு, சும்மான்னு சிரிச்சிட்டு, அப்புறந்தானே அவ தலையில கல்லைப் போட்ட. தந்திக்காரன் தண்ணி கேட்டா சாவுன்னு ஊருக்கே தெரியும்பா."

ஊருக்கே தெரியும். இத்தனை வருஷம் நான் மெதுவாகக் குடித்த ஒவ்வொரு மடக்கையும் அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அவள் எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் என் நெஞ்சுக் காகிதத்தைத் தொட்டாள்.

"இதுல இன்னா போட்டிருக்குது? படி."

"பதினொண்ணும்மா."

"பதினொண்ணா? அந்தத் தேதியிலயா போயிட்டான்?"

"ஐயோ, இது என் நம்பரும்மா. பந்தயத்துல ஆளுக்கு ஒரு நம்பரு."

"தந்திக்காரன் எங்கனா பந்தயம் ஓட்டுவானா?"

பின்னால் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ராஜாங்கம்.

அவள் பிடித்திருந்தது ஒற்றைக் கையால்தான். உதறிவிட்டு மிதித்திருக்கலாம். ஆனால் நான் போனால் அவள் எழுந்து வயலுக்கு ஓடுவாள். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஊரே கூடி ஒப்பாரி வைக்கும். இனி ஒரு கார்டு வந்து அது பொய் என்று சொல்ல எத்தனை நாளாகும்? அந்த அழுகையை நூறு வாசலில் கேட்டவன் நான்.

ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை ரோட்டோரத்தில் படுக்கவைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராஜாங்கம் வந்தான். என்னையும் அவளையும் பார்த்துக் கத்தினான்: "இன்னா தந்தி, லீவு நாள்லயும் டெலிவரியா?" சிரித்துக்கொண்டே தாண்டிப் போனான். அவன் நெஞ்சிலும் காகிதம். முதுகில் செம்மண் கை.

அம்மாவின் அழுகை ஒரு நொடி நின்றது.

"அவன் யாரு? அவன் மாரிலயும் பேப்பரு கீது?"

"அவன் நாலாம் நம்பரு. இரும்மா, இன்னும் வருவாங்க. வரவர பாரு."

இரண்டாமவன் வந்தான். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து. ஒவ்வொருவனும் தாண்டும்போது அவள் அவன் நெஞ்சைப் பார்த்தாள், திரும்பி முதுகைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, என் முதுகிலும் அதே செம்மண் கை இருப்பதைத் தடவிப் பார்த்தாள்.

பாருங்கள், நான் தோற்கத் தோற்கத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. ஆறாவது ஆள் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏழாவது ஆள் போனபோது, "அட பாவி" என்றாள். அது என்னை.

"பந்தயம்னு முன்னாடியே சொன்னா இன்னா?"

"தாகம்மா. வாய் வரல."

அவள் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்து மூக்கை உறிஞ்சினாள். சொம்பை எடுத்து, குடத்தைச் சாய்த்து, நிரம்ப ஊற்றி என் கையில் கொடுத்தாள். மண் குடத்துத் தண்ணீர். அவ்வளவு வேகமாக நான் எந்த வீட்டிலும் தண்ணீர் குடித்ததில்லை.

"உன் பேரு இன்னா?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"கோவிந்தசாமி."

"இனிமே நீ தண்ணி கேக்காத கோவிந்தசாமி. நீ கேட்டா எனக்கு உசுரு நிக்காது. இந்தப் பக்கம் வந்தா நானே குடுத்துடறேன். நானா குடுத்துட்டா நீ கேக்க வேணாம் இல்ல நைனா?"

இரண்டாவது சொம்பும் கொடுத்தாள். கடைசி ஆள் எங்களைத் தாண்டிப் போனான்.

கயிறு இல்லாத முனை

நான் கடைத்தெரு முனைக்கு வந்தபோது கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கமிட்டி சாப்பிடப் போயிருந்தது. ஜனம் இல்லை. பிழிந்துபோட்ட எலுமிச்சம்பழத் தோல் மட்டும் ரோட்டில் கிடந்தது. கயிறு இருந்த இடத்தை நான் எனக்காகவே ஒரு தடவை தாண்டினேன்.

காதர் பாய் மட்டும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சைக்கிள் வரவேண்டுமே.

"மண்டகப்பட்டுல நீதான் முதல்னு சொன்னானுங்க. எங்கய்யா போன?"

"வழியில தண்ணி குடிச்சேன் பாய்."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"யாரு வூட்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் நெஞ்சிலிருந்து ஊக்கைக் கழற்றினார். இந்தத் தடவை குத்தாமல் கழற்றினார்.

பெல்

அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் தண்ணீர் கேட்கவில்லை. படத்தில் பந்தயக்காரர்கள் வைத்திருந்த மாதிரி ஹேண்டில்பாரில் ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டேன். கெட்ட சேதியை அப்புறம் எப்படிச் சொன்னாய் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு மாதிரி தடுமாறினேன்.

அந்த அம்மா வீட்டைத் தாண்டும்போது மட்டும் பாட்டிலைத் தொடமாட்டேன். தூரத்தில் சிவப்பு சைக்கிளைக் கண்டதும் அவள் சொம்போடு ரோட்டுக்கு வந்துவிடுவாள். நான் இறங்குவதற்குள் நீட்டிவிடுவாள். அதில் ஒரு பயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என்ன, எனக்காக ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

அடுத்த மல்லாட்டைப் பருவத்தில் அவள் பெயருக்கு ஒரு தந்தி வந்தது. ஆபீசில் மேசைமேல் பெயரைப் பார்த்ததும் நின்றபடியே எடுத்துப் பிரித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். லீவு கிடைத்துப் புறப்பட்டுவிட்டான், வெள்ளிக்கிழமை வருகிறான்.

ஆபீஸ் வாசலிலேயே பெல்லைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பையில் போட்டேன். துருப்பிடித்த பெல். முதலில் கரகரத்தது, ஊர் எல்லைக்கு வந்தபோது கணீரென்று ஆகிவிட்டது. அடித்துக்கொண்டே போனேன்.

அவள் வழக்கம்போல் சொம்போடு நின்றாள். பெல் சத்தத்தைக் கேட்டு முகம் வெளுத்திருந்தது. நான் இறங்காமலே கத்தினேன்:

"வர்றாம்மா. தனகோட்டி வர்றான். வெள்ளிக்கிழமை."

சொம்பை என் கையில் திணித்தாள். தந்தியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறு நிமிஷம் அந்தக் காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்து ஓடினாள். எதிர்வீட்டு வேதா வெளியே வந்து, அவளும் பின்னால் ஓடினாள். யாரோ குலவை போட்டார்கள். வரப்பில் ஆட்கள் நிமிர்ந்து கூடுவது தெரிந்தது. சிரிப்பு கேட்டது.

நான் வாசலில் நின்று தண்ணீரைக் குடித்தேன். வீடு திறந்து கிடந்தது. ஒரு கோழி வந்து காயப்போட்டிருந்த மல்லாட்டையைக் கொத்தியது. விரட்டினேன். திரும்பி வருவாளோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கோழி இன்னொரு தடவை வந்தது, அதையும் விரட்டினேன்.

பிறகு சொம்பைக் கவிழ்த்துக் கதவோரம் வைத்தேன்.

பையில் இன்னொரு தந்தி இருந்தது, அடுத்த ஊருக்கு. துணியை எடுத்துப் பெல்லைச் சுற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.